பெட்டி உங்களுது சார், மூளை யாருது?

போன ஞாயித்துக்கிழமை காலைல காபியைக் கையில எடுத்துக்கிட்டு அப்பதான் உட்கார்ந்தேன். மேல் வீட்டு அண்ணன் லேப்டாப்பும் கையுமாக இறங்கி வந்தார். பின்னாலேயே அவர் பொண்ணு. ஒன்பது வயசு. செஸ் கத்துக்குது.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்காரன். இதுல போட்டுக் கொடுத்திருக்காங்களே, இது காசுக்குத் தகுந்ததான்னு பார்த்துச் சொல்லு"ன்னு ஒரு ரசீதை நீட்டினார்.

எங்க அம்பத்தூர் பக்கத்துல ஒரு பயிற்சி வகுப்பு. பேர் வேண்டாம். ரசீதுல ரெண்டு வரி. முதல் வரி, செஸ் சாப்ட்வேருக்கான விலை. அதுல எனக்கு ஒரு புகாரும் இல்லை, முறையா வாங்கின உரிமம். ரெண்டாவது வரிதான் என் காபியை ஆற வச்சது. 'புரொபஷனல் இன்ஜின் கட்டணம், ரூ. 4,500.'

திறந்து பார்த்தேன். பளபளன்னு பலகை, பக்கத்துல ஓப்பனிங் லிஸ்ட், கீழே நகர்த்தல்கள் ஓடுற கட்டம். அந்தக் கட்டத்தோட தலையில இன்ஜின் பேர் இருந்தது. ஸ்டாக்ஃபிஷ்.

"அண்ணே, இது நெட்ல இலவசம்."

"அப்படிச் சொல்லாத தம்பி. கோச் தெளிவா சொன்னாரு. நெட்ல கிடைக்கிறதெல்லாம் அமெச்சூர் பசங்க பொழுதுபோக்கா எழுதினதாம். அதைப் போட்டா குழந்தையோட ஆட்டமே கெட்டுப்போயிடுமாம். இது புரொபஷனலாம்."

அண்ணன் மேல தப்பில்லை. ஆனா அந்த 'அமெச்சூர்'ங்கிற வார்த்தை சொல்லப்பட்ட தொனி இருக்கே, அது ராத்திரி முழுக்க உறுத்திக்கிட்டே இருந்தது. அமெச்சூர் எழுதினதை எடுத்து, அது மேல புரொபஷனல்னு சீட்டு ஒட்டி, அமெச்சூரையே கேவலமாப் பேசி வித்திருக்காங்க. இதுக்கு ஒரு பதிவு போடாம விட்டா நான் படிச்ச பி.இ.க்கு மரியாதை இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஆவடிக்காரனுக்குத் தெரியாததா?

செஸ் சாப்ட்வேர்னு நாம சொல்றது ரெண்டு தனித்தனி சாமான். பலகையைக் காட்டுறது, ஆட்டங்களைச் சேமிக்கிறது, தேடித் தர்றது எல்லாம் பெட்டி. எந்த நகர்த்தல் நல்லதுன்னு யோசிக்கிறது இன்ஜின். எங்க ஏரியா ஆளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆவடியில டாங்கி செய்ற தொழிற்சாலை வேற, டாங்கிக்கு இன்ஜின் செய்ற தொழிற்சாலை வேற. ரெண்டுக்கும் தனித்தனி போர்டு, தனித்தனி கேட்டு.

செஸ்ல ஒருத்தர் செஞ்ச இன்ஜின் இன்னொருத்தர் பெட்டியில எப்படி ஓடுது? ரெண்டும் வெறும் எழுத்து வரிகளால பேசிக்குது, அவ்வளவுதான். பெட்டி முதல்ல 'யூசிஐ'ன்னு ஒரு வரி அனுப்பும். இன்ஜின் தன் பேரையும் எழுதினவர் பேரையும் சொல்லிட்டு 'யூசிஐ ஓகே'ங்கும். அப்புறம் பெட்டி காய்கள் நிக்கிற நிலையை ஒரு வரியா அனுப்பி, 'கோ'ன்னு சொல்லும். இன்ஜின் யோசிச்சு 'பெஸ்ட்மூவ்'னு ஆரம்பிச்சு பதில் தரும். காலேஜ் ரெண்டாம் வருஷப் பையன் ஒரு வாரத்துல எழுதிடுற சமாச்சாரம்.

இந்தப் பேச்சுமுறைக்கு யூசிஐன்னு பேர். 2000 நவம்பர்ல ஸ்டெஃபான் மேயர்-காலன், ரூடால்ஃப் ஹூபர்ங்கிற ரெண்டு பேர் இதை வெளியிட்டாங்க. மேயர்-காலன் ஷ்ரெடர் இன்ஜினை எழுதினவர், அதை வித்துப் பிழைச்சவர். ஆனாலும் இந்த முறையை யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு விட்டுட்டார். அதுக்கு முன்னாடி டிம் மேன் பராமரிச்ச வின்போர்டு முறை இருந்தது. அமெச்சூர் ஆட்கள் பெரும்பாலும் அதுலதான் எழுதினாங்க. கம்பெனிப் பெட்டிகள் தனக்குன்னு ஒரு மூடிய பாஷை வச்சிருந்ததால, இடையில ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி அடாப்டர் போட்டு ஓட்டின காலமும் உண்டு.

இதுல ஒண்ணைக் கவனிங்க. பேச்சுமுறையோட முதல் மரியாதையே 'நான் யார், என்னை எழுதினது யார்'ன்னு இன்ஜின் சொல்றதுதான். அந்த ஒரு வரியைத்தான் பயிற்சி வகுப்புக்காரர் ரசீதுல முழுங்கிட்டார்.

யாருய்யா அந்த அமெச்சூர்?

ஃப்ரூட்னு ஒரு இன்ஜின். பிரான்ஸ்காரர் ஃபேபியன் லெட்டூசே எழுதினது. 2005ல 2.1 பதிப்பை மூல நிரலோட ஜிபிஎல் உரிமத்துல வெளியிட்டார். அதே வருஷம் ரேக்யவிக்ல நடந்த உலகக் கணினி செஸ் போட்டியில ஃப்ரூட் ரெண்டாவது இடம். அந்த நிரலைப் படிச்சுத் தேறினவங்க ஒரு தலைமுறையே உண்டு.

நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட் 2004ல க்ளவுரங்னு ஒண்ணு வெளியிட்டார். அதுவும் திறந்த நிரல். 2008ல இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா அதை எடுத்து மெருகேத்திப் புதுப்பேர் வச்சார். நார்வேல செஞ்சு இத்தாலில சமைச்சதுங்கிறதால ஸ்டாக்ஃபிஷ். உப்பு போடாமக் காய வச்ச மீன். நம்மூர் கணக்குல கருவாடு :-)

அப்புறம் பின்லாந்துக்காரர் யூனா கீஸ்கி சேர்ந்தார். 2013ல கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட்னு ஒண்ணு கட்டினார். யாராவது நிரல்ல சின்ன மாற்றம் செஞ்சா, அது நல்லதா கெட்டதான்னு வாய்ச்சண்டை போட வேண்டாம். பழசும் புதுசும் ஆயிரக்கணக்கான ஆட்டம் மோதும். புள்ளிவிவரம் ஜெயிச்சா மாற்றம் உள்ளே, இல்லைன்னா வெளியே. அந்த ஆட்டங்கள் ஓடுறது தன்னார்வலர்களோட சொந்தக் கணினிகள்ல, அவங்க கட்டுற கரண்ட் பில்லுல.

2018ல ஜப்பான்ல யூ நாசுங்கிறவர் ஷோகி விளையாட்டுக்காக, சாதாரண பிராசசர்லயே வேகமா ஓடுற ஒரு நியூரல் நெட் முறையைக் கண்டுபிடிச்சார். இன்னொரு ஜப்பான்காரர் ஹிசயோரி நோடா அதை ஸ்டாக்ஃபிஷுக்குக் கொண்டுவந்தார். 2020 செப்டம்பர்ல வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 அதோடதான் வந்தது.

நார்வே, இத்தாலி, பின்லாந்து, ஜப்பான். ராத்திரி சாப்பிட்டுட்டு, குழந்தையைத் தூங்க வச்சிட்டு, நிரல் எழுதின ஆட்கள். இவங்களைத்தான் நம்ம கோச் 'பொழுதுபோக்குப் பசங்க'ன்னார். சொல்லிட்டு அவங்க செஞ்சதை 4,500க்கு வித்தார்.

இலவசம்னா அனாதை இல்லை

"ஃப்ரீயாத்தானே குடுத்திருக்காங்க, வித்தா என்ன தப்பு?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. விக்கறது தப்பே இல்லை. ஜிபிஎல் உரிமம் விக்கறதைத் தடுக்கவே இல்லை. அது கேக்கறது வேற. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ. ஆனா வாங்குறவன்கிட்ட இது இந்த உரிமத்துல வந்ததுன்னு சொல்லு. மூல நிரலை அவனுக்கும் கொடு. உனக்குக் கிடைச்ச அதே சுதந்திரம் அவனுக்கும் இருக்குங்கறதை மறைக்காதே. அவ்வளவுதான் விலை. ரூபாய்ல இல்லை, வார்த்தையில.

அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் போட்டிருக்கற யாரையாவது கேட்டுப் பாருங்க. அவர் கடைஞ்ச உதிரிபாகம் பெரிய கம்பெனி வண்டியில அந்தக் கம்பெனி பேரோடதான் போகும். அது அவருக்கு வருத்தமில்லை, பீஸுக்கு இவ்வளவுன்னு பேசிக் காசு வாங்கிடுறார். ஸ்டாக்ஃபிஷ் ஆட்கள் பீஸுக்குக் காசே கேக்கல. பேரைச் சொல்லு, வரைபடத்தை மறைக்காதேன்னு மட்டும்தான் கேட்டாங்க. காசும் தராம பேரையும் தராம இருந்தா அதுக்கு என்ன பேர்னு நீங்களே சொல்லுங்க.

பெரிய இடத்திலேயே நடந்த கூத்து

இது ஏதோ எங்க தெரு கோச்சோட வழக்கம்னு நினைச்சுடாதீங்க. ஹாம்பர்க்ல இருக்கற செஸ்பேஸ், இந்தத் துறையிலேயே பெரிய கை. 1980கள்லேர்ந்து இருக்கற கம்பெனி. ஃப்ரிட்ஸ் அவங்களுது. 2021 பிப்ரவரில ஃபேட் ஃப்ரிட்ஸ் 2ன்னு ஒரு இன்ஜினைப் பெரிய விளம்பரத்தோட இறக்கினாங்க. விலை கிட்டத்தட்ட 100 யூரோ.

உள்ளே என்ன? நகர்த்தல்களைத் தேடுற நிரல் ஸ்டாக்ஃபிஷ். நியூரல் நெட் மட்டும் ஆல்பர்ட் சில்வர்ங்கிறவர் பயிற்சி கொடுத்தது, அளவுல பெருசு. அந்த நெட்டுக்கு உழைப்பு போகலைன்னு நான் சொல்ல மாட்டேன், போயிருக்கு. ஆனா வாங்கற ஆளுக்கு அது ஏதோ அடியிலேர்ந்து புதுசா செஞ்ச இன்ஜின்ங்கிற எண்ணம் வர மாதிரிதான் விளம்பரம் இருந்தது. ஸ்டாக்ஃபிஷ் ஆட்கள் கண்டிச்சாங்க. லைசெஸ் தளமும் கண்டிச்சது. 2021 ஜூலைல, உரிம மீறலால உங்க உரிமத்தை ரத்து பண்றோம், இனிமே விக்காதீங்கன்னு ஜெர்மனில வழக்கே போட்டுட்டாங்க. போட்டி நடந்தது மியூனிக் நீதிமன்றத்துல.

2022 நவம்பர்ல சமரசம். ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 கடையிலேர்ந்து இறங்கிச்சு. ஸ்டாக்ஃபிஷ் கலந்த எதையும் ஒரு வருஷத்துக்கு விக்கறதில்லைன்னும், கட்டற்ற மென்பொருள் விதிகளைக் கவனிக்கறதுக்குன்னே ஒரு பொறுப்பாளரைப் போடறதுன்னும் செஸ்பேஸ் ஒத்துக்கிச்சு. வேலை முடிஞ்சப்புறம் நேரம் ஒதுக்கி நிரல் எழுதறவங்க, கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்து ஒத்துக்க வச்ச கதை இது. எனக்கு ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரத்துல இந்தச் செய்தியைப் படிச்சு விசிலடிக்கணும் போல இருந்தது.

இது முதல் தடவையும் இல்லை. ரிப்கான்னு ஒரு இன்ஜின் 2000களின் பின்பாதியில உலகத்தையே ஆண்டது. 2011ல சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம், ரிப்காவுல ஃப்ரூட், கிராஃப்டி ரெண்டோட நிரலும் ஏறியிருக்குன்னு தீர்ப்பு சொல்லி, 2007லேர்ந்து 2010 வரைக்குமான பட்டங்களைப் பிடுங்கிடுச்சு. அந்தத் தீர்ப்பை ஏத்துக்காதவங்க இன்னிக்கும் உண்டு, அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. ஆனா ஃப்ரூட், கிராஃப்டி, ஸ்டாக்ஃபிஷ்னு வரிசையா பாருங்க. ஒவ்வொரு தடவையும் எவன் பொருளைப் பத்தி சண்டை? நிரலைத் திறந்து வச்சவன் பொருளைப் பத்தி. வீட்டுக் கதவைத் திறந்து வச்சா விருந்தாளியும் வருவான், மத்தவனும் வருவான்.

பெட்டிக்காரருக்கும் நியாயம் உண்டு

நிற்க. நான் கம்பெனிப் பெட்டி வேண்டாம்னு சொல்லல. லட்சக்கணக்கான ஆட்டங்களை வகைப்படுத்தி வைக்கறது, ஒரு ஓப்பனிங்கை யார் யார் எப்படி ஆடினாங்கன்னு நொடியில காட்டறது, குறிப்பு எழுத வசதி, இதெல்லாம் உழைப்பு. அதுக்குக் காசு கேக்கறது நியாயம். வெளியாள் இன்ஜினுக்கும் கதவைத் திறந்துவிட்ட பெட்டியாலதான் அமெச்சூர் இன்ஜின்கள் கிராண்ட்மாஸ்டர் வீட்டு மேஜை வரைக்கும் போச்சு. அந்த நன்றி உண்டு.

அதே மாதிரி நாமளும் யோக்கியம் கிடையாது. காலேஜ் ஹாஸ்டல்ல கம்பெனிப் பெட்டியோட உடைச்ச பதிப்பை பென் டிரைவ்ல கை மாத்தினவங்க லிஸ்ட்ல நானும் உண்டு. "இன்ஜின் ஃப்ரீதானே, பெட்டிய மட்டும் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்"னு அன்னிக்கு வசனம் வேற. இன்னிக்கு யோசிச்சா வெக்கமா இருக்கு. எழுதினவன் வச்ச நிபந்தனையை மதிக்காம எடுத்துக்கறது எந்தப் பக்கம் நடந்தாலும் ஒண்ணுதான். பெட்டி வேணுமா, காசு குடுத்து வாங்கு. காசு இல்லையா, அரீனா இருக்கு, ஸ்கிட் இருக்கு, போன்ல டிராய்டுஃபிஷ் இருக்கு, பிரவுசர்ல லைசெஸ் இருக்கு. எல்லாத்துக்கும் பைசா கிடையாது. திருட வேண்டிய அவசியமே இல்லாத ஊர்ல திருடன் என்ன பண்றான்?

ஒன்பது வயசுக்கு எதுக்கு அணுகுண்டு?

இப்ப நம்ம பாப்பா விஷயத்துக்கு வருவோம். பலமான இன்ஜின் இருந்தாத்தான் குழந்தை தேறும்ங்கிறது இந்த வியாபாரத்தோட அடிப்படை மந்திரம். இதுக்குப் பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். அம்பத்தூர்லேர்ந்து பக்கம்தான் மேல் அயனம்பாக்கம். அங்க இருக்கற வேலம்மாள் பள்ளியில படிச்சவர் குகேஷ். அவரோட கோச் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகற வரைக்கும் இன்ஜின் பக்கமே விடலைங்கறது ஊரறிஞ்ச கதை. சொந்த மூளையால கணக்குப் போடுன்னு விட்டார். 2019 ஜனவரில, 12 வருஷம் 7 மாசம் 17 நாள் வயசுல கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12ல சிங்கப்பூர்ல டிங் லிரனை ஜெயிச்சு, 18 வயசுல உலக சாம்பியன்.

எல்லாக் குழந்தைக்கும் அதே வழின்னு நான் சொல்லல. பிற்பாடு இன்ஜின் இல்லாம இன்னிக்கு யாரும் பெரிய போட்டிக்குத் தயாராக முடியாது, குகேஷும்தான். ஆனா ஒன்பது வயசுல 'புரொபஷனல் இன்ஜின்' இல்லைன்னா ஆட்டம் கெட்டுடும்னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு ஒண்ணு செஸ் தெரியல, இல்லை நம்ம பர்ஸ் தெரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு. அந்த கோச் பாப்பாவுக்குச் சொல்லிக்குடுத்ததாம், திரையில +1 காட்டினா ஒரு சிப்பாய் அதிகம்னு அர்த்தம்னு. 2022 டிசம்பர்ல வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1லேர்ந்து அந்தக் கணக்கே மாறிப்போச்சு. அவங்க சோதனை ஆட்டங்கள்ல ஜெயிக்கற வாய்ப்பு 50 சதவீதம்னா அதுதான் +1. சிப்பாய்க் கணக்கு இல்லை. தான் விக்கற சரக்கோட அளவுகோல் என்னன்னே தெரியாம அதுக்குக் கட்டணம் வாங்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும்.

குழந்தைக்கு உண்மையிலேயே உதவறது எது தெரியுமா? நம்ம கோச் கேவலமா நினைக்கற சின்னச் சின்ன அமெச்சூர் இன்ஜின்கள்தான். யாரோ ஒரு பொறியாளர் எழுதினது, பலம் குறைஞ்சது, தப்பு பண்றது. அதைப் பெட்டியில ஏத்தி எதிராளியா உட்கார வச்சா குழந்தை ஜெயிக்கவும் செய்யும், தோத்தா ஏன்னும் புரியும். கருவாட்டோட மோதினா தோக்கறதைத் தவிர ஒண்ணும் கத்துக்க முடியாது.

ஆகவே

கோச்சுகளே, சொல்லிக்குடுக்கற நேரத்துக்குக் காசு வாங்குங்க. கூடவே வாங்குங்க, தப்பில்லை. இன்ஜினைப் பெட்டியில ஏத்திக்குடுத்த வேலைக்கு 200 ரூபாய் கேட்டாலும் கேளுங்க. ஆனா ரசீதுல இன்ஜின் பேரைப் போடுங்க. 'இது இலவசமாகவும் கிடைக்கும்'னு ஒரு வரி சேருங்க. உங்க மரியாதை குறையாது, கூடும்.

அப்பா அம்மாக்களே, ரசீதை வாங்கினதும் மூணு கேள்வி கேளுங்க. இன்ஜின் பேர் என்ன? எழுதினது யார்? எந்த உரிமம்? மூணாவது கேள்விக்கு முழி பிதுங்கினா பர்ஸை உள்ள வைங்க.

அம்பத்தூர் ஐடி பார்க்குகள்ல என்னை மாதிரி ஆணி புடுங்கற மக்களே, நமக்கும் ஒரு வேலை இருக்கு. பக்கத்துலயே பாடில பிரக்ஞானந்தா வளர்ந்தார், அயனம்பாக்கத்துல குகேஷ் படிச்சார். ஆடறவங்க இந்த ஏரியாவுக்குப் பண்ணவேண்டியதைப் பண்ணிட்டாங்க. நிரல் எழுதற நாம என்ன பண்ணினோம்? ராத்திரி சும்மா கிடக்கற கம்ப்யூட்டரை ஃபிஷ்டெஸ்ட்டுக்கு நாலு மணி நேரம் விடறதுக்கு யாரும் தடை போடல. நான் போன திங்கக்கிழமை ஆரம்பிச்சேன். மின்விசிறி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

மேல் வீட்டு அண்ணன் கோச்சுக்குப் போன் போட்டு மரியாதையாத்தான் கேட்டார். அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த பதில் இது: "எல்லாரும் அப்படித்தான் சார் பண்றாங்க."

4,500 ரூபாய் திரும்பி வருமா வராதான்னு எனக்குத் தெரியல. அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராத்தான் இவ்வளவு நீளமா எழுதிட்டேன்.

பாப்பா மட்டும் கடைசியா ஒண்ணு கேட்டுச்சு. "அங்கிள், ஸ்டாக்ஃபிஷ்னா யாரு?"

சொன்னேன். நார்வே, இத்தாலி, ஜப்பான் எல்லாம் சொன்னேன். கருவாடுன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்புறம் லேப்டாப்ல இன்ஜின் பேருக்குக் கீழே, தன் செஸ் நோட்டுல, அத்தனை பேரையும் தப்புத் தப்பா எழுதி வச்சுக்கிச்சு.

டிஸ்கி: கருவாட்டுக் குழம்பு பிடிக்காதவங்க மன்னிக்கவும் :-)